முடிந்த கட்டடம்

மனநல மருத்துவரின் வீட்டில் பதினெட்டுக் குழந்தைகள் இருந்தன. அதில் அவர் மனைவி பெற்றது ஒன்றே ஒன்று. மற்ற பதினேழும் சிகிச்சைக்கு வந்த பெரியவர்கள் விட்டுவிட்டுப் போனவை. முதலில் வந்தவர் நகம் கடிக்கும் வங்கி மேலாளர். முன்னறைச் சோபாவில் படுத்து, தன்னைப் பால்குடி மறக்கவைத்த கதையைச் சொல்லி முடித்து எழுந்தபோது, படுத்திருந்த இடத்தில் இரண்டு வயது மேலாளர் உட்கார்ந்து தலையணை நுனியைச் சப்பிக்கொண்டிருந்தார். பெரிய மேலாளர் தலையைச் சீவிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். அதற்குப்பின் அவர் நகம் கடித்ததே இல்லை. கஞ்சத்தனத்துக்குப் பேர்போன மருந்துக்கடைக்காரர் விட்டுப்போன குழந்தை, ஆய் போகும் சட்டியில் உட்கார்ந்து, எதையும் தரமாட்டேன் என்று எல்லாரையும் முறைத்தது. மேடைப் பாடகர் விட்டுப்போன நான்கு வயது, மருத்துவருக்கும் அவர் மனைவிக்கும் நடுவில்தான் உட்காருவேன் என்று அடம்பிடித்து மருத்துவரை மட்டும் உதைத்தது. தெருவில் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. பால்காரர் தலைக்கு ஒரு பாக்கெட் சேர்த்துப் போட்டார்.

மருத்துவருக்கு ஒரு கொள்கை உண்டு. "மனுஷன் அஞ்சு வயசுக்குள்ள கட்டி முடிஞ்சிடுற கட்டடம். அப்புறம் நடக்கிறதெல்லாம் வெறும் வெள்ளையடிப்புதான்" என்பார். மேலாளர் வந்த அதே மாதம் மருத்துவரின் சொந்த மகளுக்கு ஆறு வயது முடிந்தது. "நீ முடிஞ்ச கட்டடம்மா, உன்னைப் பத்திக் கவலையே இல்ல" என்று அவள் தலையைத் தடவிவிட்டுச் சின்ன மேலாளரைத் தூக்கிக்கொண்டு போனார். பாராட்டுவதாகத்தான் நினைத்தார், பாவம்.

மகளுக்கு வயிறு எரிந்தது. அப்பாவின் மடி ஒருநாளும் காலியாக இல்லை. யாரும் பார்க்காதபோது மேலாளரைக் கிள்ளினாள். அப்பா எதிரிலேயே கட்டைவிரலைச் சூப்பிப் பார்த்தாள். "நடிக்காதே, உனக்கு வயசாச்சு" என்றார். "அதுங்களோட போய்ப் போட்டி போடுவியாடி?" என்று அம்மா சலித்துக்கொண்டாள். அந்தப் பதினேழும் வளரவே இல்லை, அதுதான் பெரிய அநியாயம். இவள் மட்டும் வளர்ந்தாள், படித்தாள், பழைய கட்டடங்களில் விரிசல் பார்க்கும் பொறியாளர் ஆனாள், கல்யாணம் செய்துகொண்டாள். கல்யாணப் போட்டோவிலும் அப்பாவின் தோளில் மருந்துக்கடைக்காரர்தான் இருக்கிறார்.

முப்பத்தெட்டாம் வயதில் அவள் எல்லாரையும்போல் நேரம் வாங்கிக்கொண்டு, ஒரு வியாழக்கிழமை நான்கு மணிக்கு அந்தச் சோபாவில் போய்ப் படுத்தாள். மருத்துவர் நோட்டைத் திறந்து, பழக்கதோஷத்தில் "சொல்லுங்க" என்றார். அந்த 'ங்க' அவளைச் சுட்டது.

"முடிஞ்ச கட்டடத்துலதாம்ப்பா விரிசல் விழும். நான் தினம் பாக்குறேன்" என்று ஆரம்பித்தாள். ஒரு மணி நேரம் நிறுத்தவில்லை. கிள்ளியதைக்கூட மறைக்கவில்லை.

எழுந்தபோது, படுத்த இடத்தில் முன்பல் விழுந்த சிறுமி ஒருத்தி உட்கார்ந்து பதினேழு பேரையும் எரித்துவிடுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். மருத்துவர் வயதைக் கேட்டார். அவள் ஒரு கையை முழுதாக விரித்தாள். போதாமல் மறுகையிலிருந்து இன்னொரு விரலையும் நீட்டினாள். மருத்துவர் அந்த ஆறாவது விரலையே வெகுநேரம் பார்த்தார். பிறகு மருந்துக்கடைக்காரரை மடியிலிருந்து இறக்கிவிட்டு, "வாடா கண்ணு" என்று அவளைத் தூக்கி உட்காரவைத்தார்.

மற்றவர்களைப்போல் பாரம் இறங்கிப் போய்விடலாம் என்றுதான் மகள் வந்திருந்தாள். ஆனால் வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பிப் பார்த்துவிட்டாள். அங்கே வந்தவர்களில் திரும்பிப் பார்த்தது அவள் ஒருத்திதான். அதே மடி, அதே அப்பா, உட்கார்ந்திருந்ததும் அவளேதான். ஆனாலும் பொறுக்கவில்லை.

மறுநாள் பால்காரர் இன்னொரு பாக்கெட் சேர்த்துப் போட்டார். மகள் ஞாயிறுதோறும் அப்பாவுக்குப் போன் செய்கிறாள். சின்னவள்தான் எடுப்பாள்.

"அப்பா எனக்குத் தலை பின்னிட்டிருக்கார். அப்புறம் பண்ணுங்க ஆன்ட்டி."

"நல்லாப் பின்றாரா?"

"ரொம்ப இழுக்குறார். ஆனா நல்லாருக்கு."

வயிறு எரியத்தான் செய்கிறது. என்ன கலர் ரிப்பன் வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்கிறாள்.