பங்களாக்காரியின் கதவு

எழுபத்திரண்டாம் வருஷம் பாப்பாரப்பட்டிச் சந்தைத் தெருப் பெண்களுக்குப் பேய்ப் பைத்தியம் பிடித்தது. பிடிக்க வைத்தது தலையணை கனத்தில் ஒரு புத்தகம். பேய்க்கதை எழுதியே பேர்வாங்கிய ஒருவர் வாரப் பத்திரிகையில் இழு இழு என்று இழுத்த தொடர்கதை. யாரோ ஒரு புண்ணியவான் வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி, தர்மபுரியில் ஒரு வாடகை நூலகத்துக்கு விற்றிருந்தான். சந்தை சந்தையாகப் போய்த் துணி விற்கும் கவுஸ் பாஷா அதை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தான். அந்த வரிசை வீடுகளில் தமிழ் படிக்கத் தெரிந்த பெண் அவன் மனைவி வஹிதா ஒருத்திதான். கம்பைநல்லூரில் எட்டாவது வரை போனவள். அவளுக்கு வீட்டுப் பேச்சுக்கு உருது, கதைக்குத் தமிழ்.

மத்தியானச் சோறு ஆனதும் பெண்கள் புளியும் முறமுமாக வந்து உட்கார்ந்துவிடுவார்கள். கை கொட்டை எடுக்கும், காது கதை கேட்கும். வஹிதா ஒரு அத்தியாயம் படித்து நிறுத்துவாள். உடனே அபிப்பிராயம் தொடங்கிவிடும். படிப்பு கால் பங்கென்றால் அபிப்பிராயம் முக்கால் பங்கு. எதிர்வீட்டு நஞ்சம்மாளுக்கு எழுதினவரின் நியாயம் ஒரு நாளும் பிடித்ததில்லை. குள்ளம்மாளுக்குப் பேய் போதவே போதாது. எல்லாரும் சொல்லி ஓய்ந்தபின் வஹிதாவின் மாமியார் ரஹமத் பீவி கடைசி வார்த்தை சொல்வாள். அதற்குமேல் பேச்சில்லை.

கதை இதுதான். மலையடிவாரத்துப் பங்களாவில் மருமகளை மாடியில் பூட்டி வைத்திருக்கிறார்கள். ராத்திரியில் அவள் அழுகிற சத்தத்தைக் கேட்டு ஊரே பேய் என்று நடுங்குகிறது. அந்த இடம் வரும்போதெல்லாம் வஹிதா படிப்பை நிறுத்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்வாள். பேய்க்குப் பயந்து என்று பெண்கள் நினைத்துக்கொண்டார்கள்.

அவள் பிள்ளைத்தாய்ச்சி. ஏழாம் மாதத்தில் பூமுடித்து, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அனுப்பவேண்டியது முறை. பூ முடித்தாயிற்று, அனுப்பத்தான் இல்லை. அவள் அம்மா நசீம் பானு இடுப்பு எலும்பு முறிந்து கம்பைநல்லூரில் படுத்திருந்தாள். எழுந்து வரமுடியாது. கண்ணை மூடுவதற்குள் மகள் பிள்ளையைத் தன் வீட்டில் பெறவேண்டும் என்று சந்தைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியனுப்பிக்கொண்டிருந்தாள்.

தடை வந்தது குள்ளம்மாளின் வாயால். பேய்க்கதையைப் பாதியில் நிறுத்தினால் பேய் நிறுத்தின வீட்டிலேயே தங்கிவிடும் என்று ஒரு நாள் அவள் விளையாட்டாகச் சொல்லிவைத்தாள். ரஹமத் பீவி அதை உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டாள். கதை முடியட்டும், மறுநாளே அனுப்புகிறேன் என்றாள். கணவனிடம் அழுது பார்த்தாள் வஹிதா. அம்மா சொன்னால் காரணம் இருக்கும் என்று சொல்லிவிட்டு அவன் அடுத்த சந்தைக்குப் போய்விட்டான்.

சரி, முடித்துத் தொலைப்போம் என்று பக்கங்களைத் தாண்டிப் படித்துப் பார்த்தாள். எழுத்துத் தெரியாத ரஹமத் பீவி தினமும் படித்த இடத்தில் விளக்குமாற்றுக் குச்சி ஒன்றைச் செருகி, கட்டை விரலால் கனம் பார்த்து வைப்பாள். ஒரே நாளில் மீதிக் கனம் ரொம்பக் குறைந்ததைக் கண்டு, விட்டதைப் படி என்று திரும்பவும் புரட்டிக் கொடுத்தாள். மாமியாரைக் கொடுமைக்காரி என்று நினைத்துவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. கடுஞ்சொல்லால் தெருவையே பகைத்துக்கொண்டு, வருஷக்கணக்காக யாரும் படியேறாத வீடு அது. புத்தகம் வந்த பிறகுதான் அங்கே நாலு பேர் சிரிப்புக் கேட்டது. அது வஹிதாவுக்குத் தெரியும். தெரிந்ததால் முழுசாகக் கோபப்படக்கூட முடியாமல் உள்ளுக்குள் வெந்தாள்.

ஒரு வழியாகக் கடைசி அத்தியாயம் வந்தது. பங்களாக்காரி என்று பெண்கள் பேர்வைத்திருந்த அந்த மருமகள் பூட்டிய அறைக்குள்ளேயே செத்து, நிஜமாகவே பேயானாள். முற்றும்.

பெண்கள் கொதித்துப்போனார்கள். இதற்கா இத்தனை நாள் காத்திருந்தோம் என்றாள் குள்ளம்மாள். நஞ்சம்மாள் முறத்தைத் தள்ளி வைத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள்.

"எழுதத் தெரியாத ஆளுங்க அவரு. பங்களாவச் சுத்தி அத்தன வூடு இருக்குதுங்கறாரு. அழுவுற சத்தம் கேட்டுதுன்னும் அவரே எழுதறாரு. ஒருத்திகூடவா போயிக் கதவத் தட்டியிருக்க மாட்டா? அப்பிடி ஒரு ஊரு எங்கயும் இல்லீங்க."

ஆமாம் ஆமாம் என்றார்கள் எல்லாரும். ரஹமத் பீவி கடைசி வார்த்தைக்கு வந்தாள். கதை நல்ல கதைதான் என்றாள். அப்புறம் சாவகாசமாக, வஹிதாவுக்கு ஒன்பதாம் மாதம் பிறந்துவிட்டது, இனி பஸ் ஏறக்கூடாது, அடுத்த புத்தகத்துக்குக் கவுஸிடம் சொல்லியாயிற்று என்றாள்.

வஹிதா புத்தகத்தை மூடினாள். மாமியார் முகத்தைப் பார்க்காமல் எதிர்வீட்டுக்காரியைப் பார்த்தாள்.

"அப்பிடி ஒரு ஊரு இருக்குதுங்க நஞ்சம்மாக்கா. எங்கம்மாகிட்டப் போவணும்னு நான் தெனமும் அழுவறேன். உங்க வூட்டுக்குக் கேக்கலீங்களா?"

கேட்டிருந்தது. எல்லாருக்கும் கேட்டிருந்தது. மாமியார் மருமகள் சமாசாரம், நமக்கெதற்கு என்று அவரவர் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்குப் போகலாம் என்று எழுந்திருந்த நஞ்சம்மாள் மறுபடி உட்கார்ந்தாள்.

"பீவிக்கா, இந்தப் பொண்ண எப்ப அனுப்பறீங்க?"

ரஹமத் பீவி காதில் விழாதவள்போலப் புளிக்கொட்டையைப் பொறுக்கினாள். குள்ளம்மாளும் உட்கார்ந்து, பேய் தங்கும் என்றது தன் வாய்க்கொழுப்பு என்று தலையில் அடித்துக்கொண்டாள். விளக்கு வைக்கிற நேரமாகியும், வீட்டில் உலை வைக்காமல் கிடந்தும், ஒருத்தியும் நகரவில்லை.

"இவளும் போயிட்டா இந்த வூட்டுப்படி யாரு ஏறுவீங்க?" என்றாள் ரஹமத் பீவி. கடைசி வார்த்தை மாதிரி இல்லை அது.

"புளி இருக்குதுல்லீங்க. நாளன்னிக்கு வர்றோம். நாளைக்கு மொத பஸ்ஸுக்கு நானே இவளக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள் நஞ்சம்மாள்.

ரஹமத் பீவி விளக்குமாற்றுக் குச்சியைப் புத்தகத்திலிருந்து உருவி எறிந்தாள். பிறகு மற்றவர்களுக்குப் புரியாதபடி உருதுவில், திரும்பி வருவாயா என்று மருமகளைக் கேட்டாள்.

"பிள்ளையோடு வருவேன்" என்றாள் வஹிதா. அந்த வீட்டை விட்டு ஓடினால் போதும் என்றிருந்தவள்தான். சொன்ன பிறகுதான் அது பொய்யில்லை என்று அவளுக்கே தெரிந்தது.