முப்பத்தாறு மாடு

சான் சிப்ரியானோ ஓடுதளத்தில் தராசு என்று ஒன்று இருந்ததே இல்லை. எல்லாம் தலைக்கணக்குதான். உரித்த மாடு ஒன்றுக்கு நூற்றெண்பது கிலோ, மலைமேல் இருக்கும் லா பாஸ் நகருக்குப் போகும் விமானம் ஒன்றுக்கு முப்பது மாடு. வறட்சியில் எலும்பும் தோலுமாய் வருகிற மாட்டுக்கும் நூற்றெண்பது. மழையில் புல் தின்று கொழுத்து, வெட்டிய சூடு ஆறாமல் ரத்தம் சொட்டச் சொட்ட ஏறுகிற மாட்டுக்கும் அதே நூற்றெண்பது. இந்தக் கணக்கை யார் வகுத்தாரோ தெரியாது. வகுத்த புண்ணியவான் எந்த மலையிலும் மோதிச் சாகவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

எர்லிண்டா மலாலேயின் வேலை, சரக்குக் கதவடியில் நின்று எண்ணுவது. சுமைக்காரர்கள் இருவர் இருவராக மாட்டைத் தோளில் தூக்கி உள்ளே போக, அவள் உரக்கக் கூவுவாள். கடைசியில் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டுச் சுமைத்தாளில் கையெழுத்துப் போடுவாள். ஏற்றியது எத்தனையாக இருந்தாலும் தாளில் முப்பது. எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள், அவளும் எழுதினாள்.

போன ஆண்டு கார்னிவலுக்கு முந்தின வாரமும் அப்படித்தான் எழுதினாள். விமான முதலாளி ரெமிஹியோ, "லா பாஸ்காரனுக்குத் திருவிழான்னா வயிறு ரெட்டிப்பு, முப்பத்தாறு ஏத்து" என்று சொல்லிவிட்டார். ஓட்டியவன் அவளுடைய தம்பி வால்ட்டர். வழியிலிருக்கும் மலைக் கணவாய்க்குக் கொஞ்சம் கீழே, பனிச்சரிவில் விமானம் மோதியது. அவனும், அவனோடு போன மெக்கானிக்கும், முப்பத்தாறு மாடும் ஒரே இடத்தில் கிடந்தார்கள்.

விசாரிக்க வந்தவர் ஆய்வாளர் பினாயா. சிதைவில் ஒரு சாராயப் புட்டியின் கழுத்து கிடைத்தது. அவ்வளவு போதும் அவருக்கு. 'விமானி குடிபோதையில் தாழப் பறந்தார்' என்று எழுதி முடித்துவிட்டார்.

அந்தப் புட்டி முதலாளியுடையது. அவர் மலைநாட்டுக்காரர். விமானம் கிளம்புமுன் பூமித்தாய்க்கு என்று அதன் மூக்கில் சாராயம் தெளிப்பார். மிச்சத்தை விமானியின் இருக்கைக்குப் பின்னால் செருகுவார். கணவாய் நெருங்கும்போது மலைக்கு என்று ஒரு மூடி சாராயத்தை விமானி விமானத் தரையில் சாய்க்க வேண்டும், அது அவர் கட்டளை. வால்ட்டருக்கோ வயிற்றுப்புண். காப்பி குடித்தாலே எரிகிறது என்று கஞ்சி குடித்துக்கொண்டிருந்த பிள்ளை. விசாரணையில் இதை முதலாளி சொல்லவில்லை. "நல்ல பையன்தான், என்ன பண்றது, தண்ணிப் பழக்கம்" என்று கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

எர்லிண்டா முப்பத்தாறு என்று கத்திப் பார்த்தாள். பினாயா சுமைத்தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"முப்பதுன்னு போட்டிருக்கு. கீழ யாரு கையெழுத்தும்மா இது?"

அவளுடையது. தம்பியின் மேல் கதவைச் சாத்தியது அவள் கை. அவன் மேல் பழியைச் சாத்தியதும் அதே கை. அம்மா சந்தைக்குப் போவதையே நிறுத்திவிட்டாள், 'குடிகாரன் மலாலேயோட அம்மா' என்று யாரோ சொன்னதைக் காதால் கேட்டதிலிருந்து.

வேலையை விட்டுவிடு என்று ஊரே சொன்னது. ஏன் விட வேண்டும்? கூட இருந்தால்தானே குழி பறிக்க முடியும்! தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். ஆனால் தவளை வாயைத் திறக்க மழை வர வேண்டும். எர்லிண்டா மழைக்குக் காத்திருந்தாள்.

மழை வந்தது. மாடு பிடிக்க வந்த முதலாளி ஊரில் மாட்டிக்கொண்டார். பாதையெல்லாம் ஆறாகிவிட்டது, பயணிகள் விமானம் வரவில்லை. கார்னிவல் செவ்வாய்க்கிழமை லா பாஸில் தம் வீட்டுக்கும் விமானங்களுக்கும் சாராயம் தெளிக்காவிட்டால் வருஷமே விளங்காது என்று தவித்தார். ஓடுதளத்தைப் பார்வையிட வந்த பினாயாவும் அவர் தங்கிய விடுதியிலேயே ஈரக் காலுறையைக் காய வைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் போக்கிடம் ஒன்றுதான்: இறைச்சி விமானம்.

ஞாயிறு காலை அவள் முதலாளியிடம் போய் நின்றாள்.

"நாளைக்கு எத்தனை ஏத்தட்டும் முதலாளி? போன கார்னிவலுக்கு ஏத்தின மாதிரியா?"

"லூசா நீ? நான் போறேன்ல! இருபத்தஞ்சு போதும்."

இருபத்தைந்து! அவர் உயிருக்கு இருபத்தைந்து, வால்ட்டர் உயிருக்கு முப்பத்தாறு. "சரிங்க முதலாளி" என்று மட்டும் சொன்னாள்.

திங்கள் விடிந்ததும் சுமையேற்றுவது தொடங்கியது. எதிரே கொட்டகையில் முதலாளியும் பினாயாவும் காப்பியும் பாலாடைக்கட்டி ரொட்டியுமாக உட்கார்ந்திருந்தார்கள். இப்போதைய விமானி சீரோ, வால்ட்டருக்குத் துணை விமானியாக இருந்தவன். விபத்தன்று காய்ச்சலில் படுத்ததால் பிழைத்தவன். அவன் இறக்கையடியில் நின்று வானத்தைப் பார்த்தான்.

"இருபத்துமூணு! இருபத்துநாலு!" எர்லிண்டாவின் குரல் தகரக் கூரையில் மோதித் திரும்பியது. "இருபத்தஞ்சு!"

முதலாளி வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். சுமைக்காரர்கள் நிற்கவில்லை.

"இருபத்தாறு! இருபத்தேழு!"

"ஏய், எர்லிண்டா! போதும்னேன்ல!"

"மழைச் சத்தம், காதுல விழல முதலாளி! இருபத்தெட்டு!"

முப்பது தாண்டியது. முதலாளி சேற்றில் சப்பாத்து வழுக்க ஓடி வந்தார். பினாயா குடையோடு பின்னால். கடைசி இரண்டு சுமைக்காரர்கள் தோளில் மாட்டு ரத்தம் வழிய உள்ளே போனார்கள்.

"முப்பத்தாறு!" எர்லிண்டா கதவைச் சாத்தினாள். தாழ் போட்டாள். மடியிலிருந்து ஒரு சாராயப் புட்டியை எடுத்து நீட்டினாள். "தெளிங்க முதலாளி. தெளிச்சிட்டு ஏறுங்க, மேகம் கூடுது."

"எறக்குடி! பதினொண்ணை எறக்கு!"

"எதுக்குங்க? தாள்ல முப்பதுதான் எழுதப்போறேன். எப்பவும் எழுதறதுதானே?"

"தாளா பறக்குது? முப்பத்தாறு ஏத்தினா இது கணவாய் ஏறாதுடி!"

"சாராயம் குடிக்காத விமானின்னா ஏறுமாமே. ஆய்வாளர் ஐயாவே எழுதியிருக்காரு. சீரோ, ஊது."

சீரோ ஆய்வாளரின் முகத்துக்கு நேரே ஊதிக் காட்டினான். "பச்சைத் தண்ணிதான் ஐயா குடிச்சேன். நீங்களும் ஏறுங்க."

பினாயா குடையை மடக்கவும் மறந்து விமானத்தையும் முதலாளியையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏறாதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

முதலாளிக்கு நிதானம் போய்விட்டது. செத்துவிடுவோம் என்ற பயத்தில் மனிதன் உண்மை பேசுகிற அழகே தனி.

"எப்படித் தெரியுமா? போன வருஷமும் முப்பத்தாறுதான்யா ஏத்தினேன்! ஏறிச்சா? அந்தப் பையன் ரேடியோவுல கதறினான், ஏறலை, பாதியை வெளிய தள்ளிடட்டுமான்னு. ஒரு மாடு குறைஞ்சாலும் வேலை போயிடும்னு சொன்னேன். ஏறிச்சா?"

சுமைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து சுற்றி நின்றார்கள். கதறினான் என்பது எர்லிண்டாவுக்குப் புதிது. இத்தனை நாள் அவள் அறிந்தது பாதிதான். கையிலிருந்த புட்டியை அவர் மண்டையில் போட்டு உடைத்துவிடலாம் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். அடித்துவிட்டால் ஊர் அவரைப் பார்த்துப் பரிதாபப்படும், அதை அவள் விரும்பவில்லை.

போய்க் கதவைத் திறந்தாள்.

உள்ளே கிடந்தது ஆறே மாடு. கொட்டகையிலிருந்து தெரியாத மறுபக்கச் சின்னக் கதவு வழியே அவை பன்னிரண்டு சுமைக்காரர்களின் தோளிலேயே வெளியே போய், வாலைச் சுற்றி, மறுபடி இந்தக் கதவுக்கு வந்து, ஆறு தடவை ஊர்வலம் போயிருந்தன. சுமைக்காரர்களில் ஒருவன்தான் செத்துப்போன மெக்கானிக்கின் அண்ணன். அவன் மூச்சிரைக்கச் சிரித்தான்.

"முதுகு போச்சு அக்கா. பரவால்ல, இன்னொரு ஆறு சுத்துகூட சுத்துவேன்."

முதலாளி உள்ளே எட்டிப் பார்த்தார். தம் வாயிலிருந்து என்ன வந்தது என்று அப்போதுதான் உறைத்தது.

"பினாயா, நான் சும்மா... கோவத்துல..."

பினாயா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்கு அவர் கவலை. இந்த ஊரில் இத்தனை பேர் கேட்டதை இனி மறைக்க முடியாது. ஏணியில் கால் வைத்தவரை எர்லிண்டா மறித்தாள்.

"எழுதிட்டு ஏறுங்க ஐயா."

"லா பாஸ் போயி..."

"இங்க. என் முதுகுல தாளை வெச்சு எழுதுங்க. என் கையெழுத்தைக் காட்டினீங்கள்ல? உங்க கையெழுத்தை நான் பாக்கணும்."

அவள் குனிந்தாள். முதலாளி சொன்னதை அப்படியே இரண்டு பிரதி பினாயா எழுதினார். சொல் சொல்லாகப் பேனா முதுகில் அழுந்துவதை அவள் உணர்ந்தாள். கேட்ட அத்தனை பேரும் கீழே கையெழுத்தும் கைநாட்டும் போட்டார்கள். ஒரு பிரதி அவள் ரவிக்கைக்குள் போனது, அம்மாவுக்குப் படித்துக் காட்ட.

"நான் எப்படிப் போறது?" முதலாளியின் குரல் குழைந்தது. "எர்லிண்டா, விமானம் லேசாத்தானே இருக்கு. நான் ஏறிக்கறேனே."

"இல்ல முதலாளி, தாங்காது. ஒங்க கனம் எனக்குத் தெரியும். மாட்டு வழியில நடந்து போங்க, சேறு இடுப்பளவுதான். துணைக்கு இந்தாங்க." சாராயப் புட்டியை அவர் கையில் திணித்தாள். "வழியில யாராச்சும் பாத்தா குடிகாரன்னு சொல்லுவாங்க. சொல்லட்டும்."

கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். சுமைத்தாளை இறக்கையடியில் பிடித்துக்கொண்டு, பதினொரு வருஷ வேலையில் முதல் தடவையாக ஏற்றியதை ஏற்றியபடி எழுதினாள்: மாடு ஆறு.