ஒற்றைக்காலில் நின்ற கேப்டன்

ஆய்வு அதிகாரி வந்துபோன மறுவாரம், தலைமையாசிரியை அறையின் இரும்பு அலமாரியிலிருந்து கடல் கசியத் தொடங்கியது. குழாய்க்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் விரலால் தொட்டு நக்கிப் பார்த்து, "உப்புக் கரிக்குது, இது நம்ம லைன் இல்ல" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அலமாரிக்கடியில் வாளி வைத்தார்கள். வாளியில் மீன்குஞ்சு துள்ளியபோது இன்னும் பெரிய வாளி வைத்தார்கள். திறந்து பார்க்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. உள்ளே இருந்தவை புத்தகங்கள்; ஆய்வு நாளில் மட்டும் திறப்பதுதான் வழக்கம்.

அவை சின்னப் பிள்ளைகளுக்கென்று அரசாங்கம் அனுப்பிய படப்புத்தகங்கள். வழவழப்பான தாள், பக்கத்துக்கு இரண்டு வரி, மீதியெல்லாம் படம். கையில் கொடுத்தால் கிழித்துவிடும் என்பதால், பிள்ளைகளுக்கு வந்த புத்தகங்கள் பிள்ளைகளிடமிருந்தே காப்பாற்றப்பட்டன. ஒரு தாள்கூடக் கிழியாத பள்ளி என்று கேடயம் கிடைத்தது. தலைமையாசிரியை அதையும் அதே அலமாரியில் வைத்துப் பூட்டினார். அதிகாரியின் ஜீப் வரும் நாளில் மட்டும், சட்டை வெள்ளையாக உள்ள பிள்ளைகளாகப் பொறுக்கி, சோப்புப் போட்டுக் கைகழுவ வைத்து, ஆளுக்கொரு புத்தகம் தருவார்கள். ஜீப் தெருமுனை திரும்பியதும் பிடுங்கிக்கொள்வார்கள்.

பள்ளியைக் கூட்டிப் பெருக்குகிறவளின் மகள் ஒன்றாம் வகுப்பு. எல்லோருக்கும் அவள் வாயாடி. காய்ச்சலில் வராத ஒருத்தியின் இடத்தை நிரப்ப அந்த முறை அவளை உட்கார வைத்தார்கள். கையில் கிடைத்தது கடல்கொள்ளைக்காரன் கதை. கப்பலிலிருந்து கடல்மேல் நீட்டிய பலகையின் நுனியில் கேப்டன் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு தள்ளாடுகிறான். கீழே ஆக்டோபஸ் எல்லாக் கைகளையும் விரித்துக் காத்திருக்கிறது. சரியாக அந்தப் பக்கத்தில் ஜீப் கிளம்பிவிட்டது. அன்றிலிருந்து வாயாடி சோறு தண்ணீர் இறங்காமல் எதிர்ப்பட்டவரையெல்லாம் கேட்டாள்: "அவன் விழுந்தானா, இல்லையா?" "படிச்சவங்க பூட்டி வச்சா ஏதாவது காரணம் இருக்கும்டி" என்றாள் அம்மா. "அடுத்த ஆய்வுக்குப் பாத்துக்கலாம், போ" என்றார் தலைமையாசிரியை. அடுத்த ஆய்வுக்குள் வாயாடி இரண்டாம் வகுப்புக்குப் போய்விடுவாள். அந்தப் புத்தகமோ ஒன்றாம் வகுப்புக்கு மட்டும்.

மாதங்கள் போயின. தண்ணீர் கணுக்காலுக்கு ஏறியது. தலைமையாசிரியை முக்காலியில் கால் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அலமாரிக்குள்ளிருந்து ஒரு குரல், "யாராவது பக்கத்தைத் திருப்புங்கப்பா, கால் வலிக்குது" என்று புலம்பும். சத்தம் போடுகிறவர்களுக்கு அந்தப் பள்ளியில் ஒரே பதில்தான். பிரம்பால் அலமாரியைத் தட்டி, "கையைக் கட்டு, வாயைப் பொத்து!" என்பார்.

வருஷக் கடைசியில் அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். வேறு வழியில்லாமல் சாவி திரும்பியது. கடல் ஒரே மூச்சில் வெளியே வந்தது. அதன்மேல் கப்பல், கப்பல் நிறைய ஜாண் உயரக் கொள்ளைக்காரர்கள். முன்பக்கம் மட்டும் வர்ணம். திரும்பினால் வெறும் வெள்ளைத் தாள். பூட்டு, சாவிக்கொத்து, பிரம்பு, கேடயம் எல்லாவற்றையும் முறையாகக் கொள்ளையடித்தார்கள். "திருட்டுப் பசங்களா!" என்று அதிகாரி அதட்டினார். "ஆமாங்க" என்றான் கேப்டன், தூக்கிய காலை இறக்காமலே. "ஆனா அடிச்சதை நாங்க செலவழிச்சிருவோம். இந்தம்மா மாதிரி பூட்டி வைக்க மாட்டோம்."

பிறகு, துடைப்பத்தோடு ஓடிவந்திருந்த தன் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்ற வாயாடியிடம் புத்தகத்தை நீட்டினான். "சீக்கிரம் திருப்பு பாப்பா."

அவள் விரலை நக்கித் திருப்பினாள். அவசரத்தில் பக்கம் பாதிக்குக் கிழிந்தது. "கிழிச்சிட்டாளே!" என்று தலைமையாசிரியை அலற, அம்மா தலையிலடித்துக்கொண்டாள். கிழிசல் வழியாகக் காற்று வீசியது. பாய் உப்பி, கப்பல் கொள்ளையடித்த பொருள்களோடு புத்தகத்துக்குள் போய்ச் சேர்ந்தது. வாயாடி முழங்கால் தண்ணீரில் நின்று கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டு, வாய்விட்டுச் சிரித்தாள்.

இப்போது அலமாரிக்குப் பூட்டில்லை. புத்தகங்கள் கிழிந்து, ஒட்டி, மறுபடியும் கிழிந்து கைமாறுகின்றன. அந்த வருஷக் கேடயம் பக்கத்துப் பள்ளிக்குப் போனது. அங்கேயும் லேசாகக் கசிவதாகக் கேள்வி. இங்கே கடல் வற்றவில்லை. ஆசிரியைகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கப் பழகிவிட்டார்கள்.

ஒரு மதியம் தலைமையாசிரியை வாயாடியை அருகே கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஏண்டி, அவன் விழுந்தானா, இல்லையா?" இத்தனை வருஷத்தில் அவர் அந்தப் புத்தகத்தைத் திறந்ததே இல்லை.

"கையைக் கழுவிட்டு வாங்க டீச்சர், தரேன்."

தலைமையாசிரியை குனிந்து, மேசைக்கடியில் அலையடித்த தண்ணீரிலேயே கையைக் கழுவிக்கொண்டார்.