எதிர் அறை

குடியை விடுவோர் கூட்டத்துக்குப் போகாவிட்டால் வேலை கிடையாது என்று அமெரிக்காவின் துலூத் துறைமுகத்தில் மேஸ்திரி சொல்லிவிட்டார். வெய்ன் கூட்டம் நடக்கும் தேவாலயத்தின் கீழ்த்தளத்துக்கு இறங்கினான். தான் குடிப்பது மனைவிக்குத் தெரியாது என்பது அவன் நம்பிக்கை.

கீழே இரண்டு கதவுகள் இருந்தன. காப்பி மணத்த கதவைத் திறந்தான். வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் பெண்கள். அவர்களுக்கு நடுவில், செவ்வாய்தோறும் தையல் வகுப்புக்குப் போகும் அவன் மனைவி மார்லிஸ்.

“குடிக்கறவங்க எதிர் ரூம், தம்பி. இது அவங்களக் கட்டிக்கிட்டு அழறவங்களுக்கு,” என்றாள் ஒருத்தி.

“எத்தன நாளா வர்றே?” என்று மார்லிஸைக் கேட்டான்.

“ஆறு வருஷமா. உன் தூண்டில் பெட்டிக்குள்ள பாட்டில் உருள்றது எனக்குக் கேக்காதா?”

ஆறு வருடத்தில் அவள் ஒரு கைக்குட்டைகூடத் தைத்துக் கொண்டுவராதது அப்போதுதான் அவன் மண்டையில் ஏறியது.

“திரும்பிக் காருக்குப் போயிடாதே,” என்றாள்.

எதிர்க் கதவு நாலடிதான். போய்ச்சேர வெகுநேரம் ஆயிற்று.