கேலண்டருக்கு எடுத்த டேலியா

பூவைப் படம் பிடிக்கிறவனுக்குப் பொறுமை வேண்டும் என்பார்கள். எனக்கு அது பேருக்குக்கூடக் கிடையாது. "சாம்சுந்தருக்கு மூக்குக்கு மேல கோவம்" என்று என் மனைவி ஜெமிமா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். சிவகாசியில் ஒரு அச்சகத்தில் டிசைனர் வேலை பார்க்கிறேன். பட்டாசு லேபிள், நோட்டு அட்டை, கேலண்டர் எல்லாம் என் கையில்தான் உருவாகும். ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த வருஷத்துக் கேலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வெளிவந்தாக வேண்டும். அதனால் மே மாதம் பிறந்துவிட்டால் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஏதாவது ஒரு தோட்டத்தில் நிற்பேன். ஊட்டி ரோஜாத் தோட்டம், ஏற்காடு மலர்க்கண்காட்சி, பெங்களூர் லால்பாக் எல்லாம் பார்த்தாயிற்று. எனக்கு எப்போதும் பிடித்தது கொடைக்கானல் பிரையண்ட் பூங்காதான். அங்கே டேலியா ஒவ்வொன்றும் சோற்றுத் தட்டு அகலத்துக்குப் பூத்துக் கிடக்கும்.

ஜெமிமா நர்ஸ். எனக்காக லீவு போட்டுவிட்டு வருவாள். "மத்தவளுக புருசனோட டூர் போறாளுக. நான் இவரு கேமரா ஸ்டாண்டைச் சுமந்துக்கிட்டுப் போறேன்" என்று அவள் தங்கச்சியிடம் போனில் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்வாள்.

இந்த வருஷம் மலர்க்கண்காட்சி தொடங்கிய மறுநாள் போனோம். அம்மாடி, இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் ஆடி வெள்ளிக்குக் கூடுகிற மாதிரிக் கூட்டம். டேலியா பாத்தியின் முன்னால் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து நிற்பதும், போனில் படம் எடுத்துக்கொண்டு நகர்வதுமாக இருந்தார்கள். ஜெமிமா டீ வாங்கப் போய்விட்டாள். நான் எதிரே ஸ்டாண்டை ஊன்றி, மேகம் விலகக் காத்திருந்தேன். பச்சைச் சேலை கட்டிய ஒரு இளம்பெண், புதுத் தாலி மஞ்சள்கூட மாறவில்லை, என் ஃப்ரேமுக்குள் வந்து நின்றாள். சிவப்புப் பூக்களுக்கு நடுவே அந்தப் பச்சை எடுப்பாக இருந்தது. "மேடம், அப்படியே நில்லுங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லி நாலைந்து எடுத்தேன்.

அவள் போனதும் சுள்ளென்று வெயில் வந்தது. இந்த வெளிச்சத்துக்குத்தானே காலையிலிருந்து தவம் கிடந்தேன்! அந்த நேரம் பார்த்து ஒரு அம்மாள் வந்து பாத்தியின் முன்னால் நின்றாள். ஊதாச் சேலை, தலை நிறையக் கனகாம்பரம். லென்ஸ் வழியாக அவள் முகம் கிட்டத்தில் தெரிந்தது. இடது கன்னத்திலிருந்து கழுத்துவரை தோல் வெந்து சுருங்கியிருந்தது. காது மடலில் பாதி இல்லை. எங்கள் பக்கத்து ஆளுக்கு அது எதனால் என்று கேட்க வேண்டியதில்லை. பட்டாசுத் தீ. அவள் தோளைச் சுற்றிப் போர்த்தியிருந்த முந்தானையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, நிமிர்ந்து நின்றாள்.

"ஏம்மா! தள்ளும்மா அங்கிட்டு!" என்று கத்தினேன். "கேலண்டருக்கு எடுக்கற படம் இது. மூஞ்சியக் கொண்டாந்து நடுவுல வச்சா எவன் வாங்குவான்?"

சுற்றி நின்ற அத்தனை பேரும் திரும்பி அவளைத்தான் பார்த்தார்கள். அவள் முந்தானையை இழுத்து, கண் மட்டும் தெரிகிற மாதிரி முகத்தை மூடிக்கொண்டு, ஓரத்தில் இருந்த சிமெண்ட் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். வெயில் இன்னும் இருந்தது. நான் படம் எடுத்தேன். நல்லாவே வந்தது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் ஜெமிமா டீயோடு வந்தாள். கூடவே, இரண்டு கையிலும் சுட்ட மக்காச்சோளம் பிடித்துக்கொண்டு ஒரு ஆள். "டீக்கடையில பேச்சைக் கேட்டேன், நம்ம பேச்சு" என்றாள் ஜெமிமா. அவளுக்கு ஒரே சந்தோஷம். "நம்ம பக்கத்து விஸ்வநத்தத்துக்காரவுக. பேரு சங்கிலிமுத்து. பட்டாசுக் கம்பெனி டூர்ல வந்திருக்காக. நீங்க இவுகளுக்கு ஒரு போட்டோ எடுத்துக் குடுக்கணும். நீங்க லேபிள் போடுறது, படம் எடுக்கறது எல்லாம் சொல்லி வாக்குக் குடுத்துட்டேன்."

"சிரமம் இல்லைன்னா எடுங்க அண்ணாச்சி" என்றார் சங்கிலிமுத்து. "மக செல்வலட்சுமிக்கு ஆவணியில கலியாணம். மண்டபத்து வாசல்ல ஃபிளக்ஸ் வைக்கணும்லா. தீயில பட்டதுல இருந்து எம் பொண்டாட்டி ஒரு போட்டோவுக்கும் நிக்கல. பழைய படத்தைப் போட்டுக்கிருவோம்னு சொல்லுதா. மக ஒத்துக்கிட மாட்டேங்கா. எங்கம்மா இப்ப எப்படி இருக்காளோ அப்படித்தான் போடணும், இல்லாட்டி ஃபிளக்ஸே வேண்டாம்னு ஒத்தக்கால்ல நிக்கா. ரெண்டு பேருக்கும் நடுவுல நான் படுத பாடு இருக்கே! கடைசியில, பூவுக்கு நடுவுல நின்னா எடுத்துக்கிடுதேன்னு இவ எறங்கி வந்தா. நாலு பேரு பூவைப் பாப்பாக, எம் மூஞ்சியப் பாக்க மாட்டாகன்னு சொல்லுதா. அதுக்காவத்தான் இம்புட்டுத் தூரம் கூட்டியாந்தேன்."

பெஞ்சுப் பக்கம் திரும்பாமலே, "எங்க இருக்காக?" என்றேன். தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

"அந்தா, பெஞ்சில இருக்காள்லா, மாடத்தி."

அவர்கள் பின்னால் போனேன். மாடத்தி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், கேமராவைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள். "வேண்டாம். பஸ்ஸுக்குப் போவோம்" என்றாள் புருஷனிடம்.

"என்னட்டி இது கூத்து? காலையில பஸ்ஸுல வரும்போதுகூட பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டுன!" சங்கிலிமுத்துவுக்குக் குரல் ஏறியது. "ஊருக்குப் போயி மக மூஞ்சியில எப்படி முழிப்பேன்? நீ பிடிச்ச பிடிக்கு அவ கலியாணத்தன்னிக்கு அழணுமா?"

என்னால் வந்த வினைக்கு அவள் திட்டு வாங்குகிறாள். அவள் சொல்லிவிடாமல் இருந்தால் போதும், ஒரு நல்ல படமாக எடுத்துக் கொடுத்துத் தப்பித்துவிடலாம் என்றுதான் என் புத்தி ஓடியது. போதாததற்கு, தேன் ஒழுகுகிற மாதிரி, "சேலைய லேசா எறக்கிக்கோங்க மதினி, ரெண்டே நிமிசம்" என்று வேறு சொன்னேன். சீ, என்ன பிறவி நான்!

ஜெமிமா அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தாள். "என்ன தாயி? நான் நர்சு, எங்கிட்டச் சொல்லுங்க. யாரும் எதுவும் சொன்னாகளா?"

மாடத்தி முந்தானையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். அதுவே சங்கிலிமுத்துவுக்குப் போதுமாக இருந்தது. சோளத்தைப் பெஞ்சில் போட்டுவிட்டு, "எவம்லே அது? எவன் சொன்னான்?" என்று கூட்டத்தைப் பார்த்து வேட்டியை மடித்துக் கட்டினார். படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு பையனை நோக்கி இரண்டடி நடந்தும்விட்டார்.

"அண்ணாச்சி, நில்லுங்க" என்றேன். "நான்தான். கூட்டத்துல எல்லாரையும் தள்ளச் சொல்லிக்கிட்டு இருந்தேன். அதுல இவுகளையும் சொல்லிட்டேன் போல. யாருன்னு பாக்கல."

"பாத்தீக" என்றாள் மாடத்தி.

அவள் குரலில் கோபம்கூட இல்லை. "கண்ணாடிக்குள்ள கண்ணை வச்சு, நல்லாப் பாத்துட்டுத்தான் சத்தம் போட்டீக. எனக்கு முன்னால ஒரு பச்சைச் சேலைப் பிள்ளை நின்னுச்சு. அதைச் சிரிச்சமானிக்கு நில்லுங்கன்னு சொல்லி எடுத்தீக. நான் இங்கன இருந்து பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். நல்ல மனுசராத் தெரியுதாக, இவுக முன்னால நிக்கலாம், ஒண்ணும் சொல்ல மாட்டாகன்னு நெனச்சு, எங்க வீட்டு ஆளு வர முன்னாடி நின்னு பழகிக்கிடலாமேன்னுதான் போனேன்."

நாண்டுகொண்டு சாகலாம் போல இருந்தது. அவள் சொன்னதில் ஒரு எழுத்துப் பொய் கிடையாது. பார்த்தேன். அந்தக் கன்னத்தைப் பார்த்தேன். இது கேலண்டரில் ஏறாது என்று பார்த்த மாத்திரத்தில் முடிவு செய்தேன். அதற்குப் பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது.

சங்கிலிமுத்து என்னை அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் மடித்த வேட்டியை இறக்கிவிட்டார். "வெளியூர்க்காரன் சொன்னா, விவரம் தெரியாதவன்னு விட்டுறலாம்" என்றார். "நாங்க செய்யுற வெடிக்குத்தான அண்ணாச்சி நீங்க லேபிள் போடுதீக."

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "மன்னிச்சிருங்க மதினி. புத்தி கெட்டுப் பேசிட்டேன். வந்து நில்லுங்க, உங்களுக்கு எடுத்துக் குடுத்துட்டுத்தான் நான் வேற வேலை பாப்பேன்."

மாடத்தி எழுந்தாள். முகத்தைச் சுற்றியிருந்த முந்தானையை அவிழ்த்தாள். அப்பாடா, மனசு இரங்கிவிட்டாள் என்று கேமராவைத் தூக்கினேன். அவள் தன் புருஷனின் சட்டைப் பையிலிருந்து, கண்ணாடி கீறல் விட்ட போனை எடுத்து ஜெமிமாவிடம் நீட்டினாள்.

"நீங்க எடுங்க தாயி. மகளுக்குச் சொல்லிட்டேன், எடுக்காமப் போக மாட்டேன். இவுக எடுக்க வேண்டாம்."

ஜெமிமாவுக்குப் படம் எடுக்க வராது. ஒன்று தலையை வெட்டிவிடுவாள், இல்லையென்றால் விரல் விழும். அப்படியும் எடுத்தாள். மாடத்தி டேலியா பாத்தியின் முன்னால் போய், சுற்றி நின்ற அத்தனை பேரும் பார்க்க, முழு முகத்தையும் காட்டிக்கொண்டு நின்றாள். சிரிக்கவில்லை. நான் கேமராவைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினேன்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சங்கிலிமுத்து நாலெட்டு போய்விட்டுத் திரும்பினார். எங்கள் பக்கத்தில் கல்யாணப் பேச்சை எடுத்துவிட்டுக் கூப்பிடாமல் போகிற பழக்கம் கிடையாது. "ஆவணி மொத முகூர்த்தம். குடும்பத்தோட வந்துருங்க" என்றார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார், ஆனாலும் சொன்னார்.

"நர்சம்மா வரட்டும்" என்றாள் மாடத்தி. "அவுக மட்டும் வந்தாப் போதும்."

வரப்புத் தகராறில் கோர்ட்டுக்கு அலைகிற பங்காளிகூடக் கல்யாணம் என்றால் வீடேறி வந்து பத்திரிகை வைத்துவிட்டுப் போவான். கல்யாணத்துக்கு வராதே என்று ஒருவர் வாயால் கேட்டது என் ஆயுசில் அதுதான் முதல் தடவை. சங்கிலிமுத்து அவளைத் திருத்தவில்லை. ஜெமிமா அவள் பக்கம் திரும்பி, "எந்த மண்டபம் தாயி?" என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"சரிம்மா" என்றேன்.