இரும்புக்கு அனுமதி இல்லை

பெத்தணனை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கப்போவதும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னிடம் வந்து பெருந்தன்மை, பக்குவம் என்று பேசிக்கொண்டிருக்கக் கூடாது.

எனக்குப் பிறவியிலேயே பல் எடுப்பு. வாயை மூடினாலும் முன்பல் இரண்டும் வெளியே நின்று ஊரை வேடிக்கை பார்க்கும். ஆமத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் என் பெயர் இசைவாணி என்பது வாத்தியார்களுக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்கு நான் துருவி. தேங்காய்த் துருவி. இருபது வயதில், மதுரையில் ஒரு பல் கல்லூரியில் கம்பி கட்டிக்கொண்டேன். இரண்டரை வருடம். சிவகாசியில் ஒரு அச்சகத்தில் லேபிள் பிரித்து அடுக்கும் வேலை பார்த்துக்கொண்டே, மாதம் ஒருநாள் லீவு போட்டு பஸ் ஏறினேன். கம்பியை முடுக்கிவிட்ட நாட்களில் ரசம் சோறுகூட மெல்ல முடியாது. கம்பியைக் கழற்றிய அன்று டாக்டர் ஐஸ்வர்யா என் முன்னால் கண்ணாடியை நீட்டினார். வரிசையான பல்லோடு யாரோ ஒருத்தி என்னைப் பார்த்து அழுதாள்.

"இனிமேதான் முக்கியமான வேலையே இருக்கு" என்றார் டாக்டர். அண்ணத்தில் ஒட்டி உட்காரும் ரோஸ் கலர் பிளாஸ்டிக், முன்பல்லைச் சுற்றிப் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. அதற்குப் பெயர் ரிட்டெய்னர். "பல்லு பழைய இடத்துக்கே திரும்பப் பாக்கும்மா. அதை விடாமப் பிடிச்சு நிறுத்துறது இதுதான். ஒரு வருஷம் நாள் முழுக்கப் போடணும். சாப்பிடும்போது, பல் தேய்க்கும்போது மட்டும் கழட்டலாம். அதுக்கப்புறம் தூங்கும்போது போட்டாப் போதும். ஆனா ஆயுசுக்கும் போடணும்."

உண்மையைச் சொல்கிறேன், முதல் மாதம் நான் ஒழுங்காகப் போடவில்லை. போட்டால் வாய் முழுக்க எச்சில் ஊறும். 'சோறு' என்றால் 'ஷோறு' என்று வரும். சாப்பிடக் கழற்றிக் காகிதத்தில் சுற்றி வைத்தால், திரும்ப மாட்ட மறந்துவிடும். ஒருதடவை அம்மா அதைக் குப்பையோடு கூட்டித் தள்ளிவிட்டாள். கொல்லையில் கோழி கொத்திக்கொண்டிருந்ததைப் பிடுங்கி வந்தேன். அப்படியே போயிருந்தால் ஆறு மாதத்தில் மறுபடியும் துருவியாகியிருப்பேன். என்னைத் திருத்தியது பெத்தணன். இதைச் சொல்லவே எனக்குக் கசக்கிறது.

அச்சகத்தில் லேபிள் பிரிக்கும் வேலைக்கு மிஷின் வந்துவிட்டது. எங்களை நிறுத்திவிட்டார்கள். விஸ்வநத்தம் பக்கம் அம்மா வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் சேர்ந்தேன். கேட்டில் ஒரு பலகை: இரும்புப் பொருட்களுக்கு அனுமதி இல்லை. பலகைக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் தட்டு. ஊக்கு, ஹேர்பின், செல்போன் எல்லாம் அதில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இரும்பு உரசினால் பொறி, பொறி பறந்தால் உயிர் என்பது எங்கள் பக்கம் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். தட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவன்தான் போர்மேன் பெத்தணன்.

"ஏ புள்ள, வாயில என்னமோ மின்னுது. தொற."

எனக்குப் பின்னால் வரிசையில் நாற்பது பெண்கள் நின்றார்கள். நான் திறந்தேன்.

"பல்லுக்குப் போடுறது அண்ணாச்சி. டாக்டர் போடச் சொல்லிருக்காக."

"கம்பிதான? கழட்டு."

"வாய்க்குள்ளதான இருக்கு அண்ணாச்சி. அங்கன எங்கிட்டு உரசப் போகுது?"

"சட்டம் பேசாத. கழட்டித் தட்டுல போடு."

கழற்றினேன். எச்சில் நூல் மாதிரி நீண்டு வந்தது. அதைப் பார்த்துவிட்டு அவன் முகத்தைச் சுளித்தான். அதோடு விட்டிருக்கலாம். "இந்த வயசுலயே பல்செட்டா? ஏத்தா முருகம்மா, ஒம் மகளுக்கு முறுக்கு கிறுக்கு வாங்கிக் குடுத்துராத" என்றான். நாற்பது பேரும் சிரித்தார்கள். அம்மா தரையைப் பார்த்தாள். இரண்டரை வருடம் வலி பொறுத்து வாங்கிய வாயை, அந்த ஒரு நிமிடத்தில் கையால் பொத்திக்கொண்டு உள்ளே போனேன்.

சட்டப்படி அவன் கழற்றச் சொன்னது சரிதான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். சிரிக்க வைக்கச் சொல்லி எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை.

அன்று சாயங்காலம் கேட்டைத் தாண்டியதும், ரிட்டெய்னரைக் கழுவி அவன் கண்ணெதிரே வாயில் மாட்டினேன். மறுநாள் காலையில் அதே கேட்டில்தான் கழற்றினேன். இடையில் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பத்து நிமிடம், காலை இட்லிக்குப் பத்து நிமிடம். அவ்வளவுதான். அம்மா டிவி பார்த்துக்கொண்டிருப்பாள். நான் பெத்தணனை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மற்றவர்கள் மறக்காமலிருக்கச் செல்போனில் அலாரம் வைப்பார்கள். எனக்கு அவன் மூஞ்சி போதும். பகலில் ஒன்பது மணி நேரம் போய்விடுகிறதே என்று கவலைதான். சாயங்காலம் மாட்டும்போது இறுகி வலிக்கும். வலிக்க வலிக்க அவனைத் திட்டுவேன்.

ஆடி மாதம் ஒருநாள் வேலை முடிந்து வந்தால் தட்டில் என் ரிட்டெய்னர் இல்லை. அவன் நாற்காலிக்குக் கீழே இரண்டு துண்டாகக் கிடந்தது.

"தட்டு கவுந்துருச்சு. கால் பட்டிருக்கும்போல. அம்புட்டுதான? பெவிகுயிக் போட்டு ஒட்டிக்கோ" என்றான். மன்னிப்பு என்ற சொல் அவன் வாயில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மதுரைக்குப் போக லீவு கேட்டேன். லீவு கொடுப்பதும் அவன்தான். "தீவாளி சீசன்ல பல்லுக்கு லீவா? லோடு நிக்குது, ஆர்டர் நிக்குது. போ, போ."

அச்சகத்தில் வேலை பார்த்தவளுக்குக் காகிதத்தின் கனம் விரலிலேயே தெரியும். வீட்டிலிருந்த லேபிள் காகிதத்தில் ஒரு துண்டு கிழித்து முன்பல் இரண்டுக்கும் நடுவில் நுழைத்துப் பார்த்தேன். போகவில்லை. தினமும் பார்த்தேன். ஐந்தாம் நாள் முனை நுழைந்தது. ஒன்பதாம் நாள் முழுக்கப் போய் வந்தது. பதினாறாம் நாள் பெட்டி செய்யும் அட்டையே போனது. கண்ணாடியில் என் வலதுபக்கப் பல் மறுபடியும் ஊரைப் பார்க்கக் கிளம்பியிருந்தது. அழுகை வரவில்லை. அவனை என்ன செய்யலாம் என்றுதான் யோசித்தேன்.

பதினேழாம் நாள் சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிவிட்டேன். டாக்டர் புது ரிட்டெய்னர் ஒன்று செய்து தந்தார். கம்பியே இல்லாமல், கண்ணாடி மாதிரி, பல்லின் மேல் உறை போட்டது போல உட்கார்ந்தது. நகர்ந்த பல்லைத் தள்ளக் கொஞ்சம் இறுக்கமாகச் செய்திருந்தார்.

"வேலை செய்யற இடத்துல கம்பி கூடாதுன்னு முன்னாடியே சொல்லியிருந்தா, அன்னைக்கே இதைத் தந்திருப்பேனேம்மா" என்றார்.

எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கேட்கவும் தோன்றவில்லை.

"அதான் வேற குடுத்துட்டாகள்ல. இனி அவன் என்ன செய்யப் போறான்? விட்டுருட்டி" என்றாள் அம்மா. ஒருவகையில் சரிதான். புது ரிட்டெய்னரைப் போட்டுக்கொண்டு கேட்டைத் தாண்டினேன். அவனுக்குத் தெரியவே இல்லை. பிரச்சினை தீர்ந்தது. என் கோபம் தீரவில்லை.

பத்து நாள் அவனைத் தலை முதல் கால் வரை நோட்டம் விட்டேன். பெல்ட்டில் பித்தளை. சாவிக்கொத்து ஆபீசோடு சரி. பதினோராவது நாள், "ஏ புள்ள, சீக்கிரம் நட" என்று என்னை நோக்கி நீட்டிய விரலில் பார்த்தேன். நடுவிரலில் சிவப்பு நூல் சுற்றிய மோதிரம். நூல் தேய்ந்த இடத்தில் கறுப்பாகத் தெரிந்தது.

அம்மாவிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். "அது குதிரை லாடத்துல செஞ்சதுட்டி. அவனுக்கு ஏழரைச் சனியில்ல நடக்கு? குளிக்கும்போதுகூடக் கழட்ட மாட்டானாம். அவன் பொண்டாட்டியே சொன்னா."

இரும்பு. அந்த இரும்போடு அவன் தினமும் வெடிமருந்து கலக்கும் அறை வரைக்கும் போய் வருகிறான். எங்கள் நாற்பது பேர் உயிரை நினைத்து நான் பதறியிருக்க வேண்டும். சத்தியமாகச் சொல்கிறேன், அன்று என் மனதில் இருந்தது அவன் விரல் மட்டும்தான். ராத்திரி எனக்குச் சந்தோஷத்தில் தூக்கம் பிடிக்கவில்லை.

சூலக்கரை அரசாங்க ஆபீசிலிருந்து அதிகாரிகள் சோதனைக்கு வரலாம் என்று பேச்சு அடிபட்டது. அதனால் முதலாளி அய்யாதுரை ஒருநாள் காலையில் தானே கேட்டில் வந்து நின்றார். எனக்கு அந்த நாள் போதும். பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று என் டிபன் பையில் ஒரு வாரமாகக் காத்திருந்தது. என் முறை வந்ததும், யாரும் கேட்காமலேயே வாயை அகலத் திறந்து காட்டினேன்.

"பாத்துக்கோங்க அண்ணாச்சி. இரும்பு இல்ல."

"சரி சரி, போ."

"ஒங்க கையைக் காட்டுங்க."

"என்னது?"

நாற்காலிப் பிடிமேல் வைத்திருந்த அவன் கைக்குப் பக்கத்தில் காந்தத்தைக் கொண்டுபோனேன். டக்கென்று மோதிரத்தோடு ஒட்டிக்கொண்டது. அவன் கையை உதறினான். காந்தம் விழவில்லை. வரிசையில் யாரோ ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் வெடித்தாள். பிறகு நாற்பது பேரும் சிரித்தார்கள். இந்தத் தடவை அம்மா தரையைப் பார்க்கவில்லை.

"ஏலே பெத்தணா, என்னலே இது? இதோடயா மருந்து ரூமுக்குப் போய்ட்டு வார?" முதலாளி அவன் கையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்.

"சனி தோசத்துக்கு மொதலாளி… இன்னும் ரெண்டு வருசம் இருக்கு…"

"ஒனக்குச் சனி விடுறதுக்குள்ள எங்க எல்லாரையும் அனுப்பிருவ போலுக்கே. நாளையிலருந்து வேலைக்கு வராத."

பெத்தணன் முகம் வெளுத்துப்போனது. இதற்காகத்தானே காத்திருந்தேன் என்று நினைப்பீர்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது: போய்விட்டால் அவனுக்கு அது ஒருநாள் அவமானம். நான் ஒருநாள் கணக்கா பட்டேன்?

"வேலையை விட்டு அனுப்ப வேண்டாம் மொதலாளி" என்றேன்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"தெனமும் காலையில எங்க முன்னால மோதிரத்தைக் கழட்டித் தட்டுல வைக்கட்டும். நாங்க பாத்துட்டு உள்ள போறோம். அது போதும்."

"நல்ல மனசு தாயி ஒனக்கு" என்றார் முதலாளி.

அதன்பிறகு தினமும் காலை எட்டு மணிக்கு அது நடந்தது. அவன் விரல் வீங்கிய விரல். கழற்ற எச்சில் தொட்டுத் திருக வேண்டியிருந்தது. நான் வரிசையில் முதல் ஆளாக நின்று, இருக்கிற பல் அத்தனையும் தெரியச் சிரித்தேன். மோதிரத்தைத் தட்டில் போடும்போது சாமி கும்பிடுவதுபோல அவன் உதடு முணுமுணுக்கும். சனி இன்று என்ன செய்யப் போகிறதோ என்ற பயம் அவன் கண்ணில் தெரியும். அந்தப் பயத்தைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவேன். தீபாவளி வரை இரண்டு மாதம், ஒரு வேளைகூட ரிட்டெய்னரை நான் மறக்கவில்லை. அட்டை போகாமலாயிற்று. பிறகு காகிதமும் போகாமலாயிற்று.

தீபாவளி முடிந்து கம்பெனிக்கு ஒரு மாதம் லீவு விட்டார்கள்.

ஒருநாள் துணி மடிக்கும்போது அலமாரியில் ரிட்டெய்னர் டப்பா கண்ணில் பட்டது. கடைசியாக அதை எப்போது மாட்டினேன் என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை. லேபிள் காகிதத்தைக் கிழித்து நுழைத்தேன். போனது. ரிட்டெய்னரை மாட்டப் பார்த்தேன், பாதியில் நின்றது. கட்டைவிரலால் அழுத்தி உட்கார வைத்ததும் கண்ணில் நீர் வந்தது. அவன் மூஞ்சியைப் பார்க்காத நாட்களில் எனக்குப் பல் ஞாபகமே வரவில்லை. என் பல் வரிசை அந்தப் படுபாவி தலையில் நிற்கிறது என்று அன்றுதான் புரிந்தது.

கம்பெனி திறக்கிற அன்று முதல் பஸ்ஸில் போனேன். அவன் வேலையை விட்டிருந்தால் என்ன செய்வது என்று வழியெல்லாம் அதே யோசனை. நல்லவேளை, நாற்காலியில் இருந்தான். தட்டு காலியாக இருந்தது. நான் முதல் ஆளாகப் போய் நின்று சிரித்தேன்.

"மோதிரம் அண்ணாச்சி?"

அவன் விரலை விரித்துக் காட்டினான். வெறும் விரல். மோதிரம் கிடந்த இடத்தில் தோல் மட்டும் வெளுத்திருந்தது.

"கண்மாயில வீசிட்டேன் தாயி. தெனமும் கழட்டி வச்சதுல ஒண்ணுமே ஆகலையே. பயம் விட்டுப் போச்சு. வீசுன மறுநாளே மகளுக்கு வரன் தெகஞ்சிருச்சு." எழுந்து நின்று இரண்டு கையையும் கூப்பினான். "எல்லாம் ஒன்னாலதான். நீ நல்லா இருக்கணும்."

கண் கலங்கியிருந்தான். நடிப்பில்லை. என் பின்னால் நின்ற பெண்கள் "பாவம்" என்று உச்சுக் கொட்டினார்கள்.

நான் அவனைப் பழிவாங்கியதாக நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு மாதம் நானே அவனுக்கு வைத்தியம் பார்த்திருக்கிறேன். என் ரிட்டெய்னரை மிதித்து உடைத்தவன், லீவு தராமல் பதினாறு நாள் என் பல்லை நகரவிட்டவன், எனக்கு நன்றி சொல்கிறான். அதோடு சேர்த்து, தப்புப் பண்ணிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை அவனுக்கு. உடைத்ததே அவனுக்கு மறந்துவிட்டது. உள்ளே ஏதோ பற்றிக்கொண்டு எரிந்தது. அப்படியொரு கோபம் முதல்நாள் அவன் வாயைத் திறக்கச் சொன்னபோதுகூட எனக்கு வரவில்லை.

"சந்தோசம் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

அன்றிலிருந்து ஒருநாள் தவறவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறவில்லை, பொங்கல் லீவில் தவறவில்லை. அவனைப் பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆயுசுக்கும் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவன் கும்பிட்ட அந்தக் கும்பிடு எனக்கு ஆயுசுக்கும் தாங்கும்.