கையெழுத்திட்ட வெற்றுத்தாள்

மனநல மருத்துவர் விடுப்பில் சென்று எட்டு நாட்களாகியிருந்தன. போகும்போது, தம் கையெழுத்தை மட்டும் இட்ட மருந்துச் சீட்டுகள் ஐந்தை உளவியலாளர் அம்மையாரிடம் கொடுத்து, "அவசரம்னா நீங்களே எழுதிக் குடுத்துடுங்க. என்னைவிட உங்களுக்குத்தான் இவங்களைத் தெரியும்" என்றார். பேசிக் குணப்படுத்தும் உரிமை மட்டுமே பெற்றிருந்த அம்மையாருக்கு அச்சொல் உள்ளூர இனித்தது என்பதை மறைப்பதற்கில்லை.

அன்று காலை தையற்காரர் வந்தார். மாத்திரை தீர்ந்து நான்கு நாட்கள், பொட்டுத் தூக்கமில்லை.

"ஒரு சட்டைக்கு ரெண்டு கையையும் ஒரே பக்கம் வச்சுத் தைச்சுட்டேன் மேடம். 'என்னை என்னன்னு நினைச்சீங்க'ன்னு வாங்க வந்தவர் கேக்கறார்." சிரிப்பு பாதியில் அறுந்தது. "போன தடவை இப்படி ஆனப்ப நான் என்ன செய்யப் போனேன்னு உங்களுக்குத் தெரியும். எழுதிக் குடுங்க."

"நான் எழுதக் கூடாதுங்க."

"ரெண்டு வருஷமா உங்ககிட்டதானே எல்லாத்தையும் கொட்டினேன்? டாக்டருக்கு என் முகமே ஞாபகம் இருக்காது. அவர் கிறுக்கினாத்தான் கடையில செல்லுமா?"

அம்மையார் இழுப்பறையைத் திறந்து ஒரு சீட்டை எடுத்தார். மருந்தும் அளவும் அவருக்கு மனப்பாடம். பேனாமுனை தாளைத் தொட்டதும் பேனாவை மூடி வைத்துவிட்டார். அறம் கருதி நிறுத்தினார் என்றால் அது மிகை, வெறும் பயம்தான். எழுந்து, தையற்காரரைப் பெரிய மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்.

அங்கிருந்த இளம் மருத்துவரிடம் அனைத்தையும் அம்மையாரே ஒப்பித்தார். மருந்து எழுதப் போன மருத்துவர் நிமிர்ந்து, "வேற மாத்திரை ஏதாவது போடறீங்களா?" என்று தையற்காரரைக் கேட்டார்.

"நெஞ்சு படபடன்னு அடிச்சுச்சு. முந்தாநாள் பக்கத்துத் தெரு டாக்டர் ஒண்ணு குடுத்தார்."

மருத்துவர் அந்த மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தார். "நல்லவேளை. ரெண்டும் சேர்ந்தா இதயம் தாங்காது" என்று வேறு மருந்து எழுதினார்.

வெளியே வந்ததும் அம்மையார் மெல்லக் கேட்டார்: "இதை ஏங்க எங்கிட்ட சொல்லலை?"

"நீங்க கேக்கலையே மேடம். உங்ககிட்ட மனசைப் பத்தித்தானே பேசறது?" என்றவர், சீட்டோடு மருந்துக்கடையை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டார்.

அம்மையார் வாசற்படியோரம் ஒதுங்கி நின்றார். தாம் செய்யவிருந்ததை யாரிடமாவது உடனே சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. கைப்பேசியில் பெயர்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். எல்லாரும் அவரிடம் சொல்ல வருகிறவர்கள்.